மீன்முள்ளுக்குத் தலை எது?

கோயம்புத்தூர்க்காரனைக் கட்டிப்போடுவதா, அவனுக்குச் சோறு போடுவதா என்று கூத்தன்துறை ஊர்க்கூட்டம் ஒரு காலை முழுக்க வாதாடியது. இரண்டையும் செய்யலாம் என்றுதான் கடைசியில் முடிவானது. ஆனால் கட்டுவதற்குக் கொண்டுவந்த கயிறு புதுக் கயிறு என்று அதன் சொந்தக்காரர் பிடுங்கிக்கொண்டு போய்விட்டதால் சோறு மட்டும் மிஞ்சியது. அதிலும் ஆள் மீன் தொடமாட்டான். கடற்கரை ஊரில் அவனுக்கென்று தனியாக ரசம் வைக்க வேண்டியிருந்தது ஊருக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

அவன் பெயர் நல்லசிவம். படகுகளில் எல்லைப் பூட்டு மாட்டிக் கொடுக்கும் கம்பெனியின் ஆள். பூட்டுகளைச் சோதிக்க இரண்டு நாள் வேலையாக வந்தவன், ஆடி மாதம் மூன்றாம் தேதி சூரியன் பொங்கியதில் அங்கேயே மாட்டிக்கொண்டான். சூரியன் அப்படி என்ன கோபத்தில் பொங்கியதோ, வானத்தில் சுற்றிக்கொண்டிருந்த செயற்கைக்கோள்கள் அத்தனையும் ஒரே பகலில் கருகி ஊமையாகிவிட்டன. போன் இல்லை, கரண்டு இல்லை, பஸ் எப்போது வரும் என்று பஸ்ஸுக்கே தெரியாது. இதையெல்லாம் ஊர் பொறுத்துக்கொண்டது. பொறுக்க முடியாத விஷயம் கடலில் இருந்தது.

எல்லைப் பூட்டு என்பது எஞ்சினோடு இணைத்த கையகலப் பெட்டி. படகு எங்கே நிற்கிறது என்று செயற்கைக்கோளிடம் அது கேட்டுக்கொண்டே இருக்கும். நம் கடல் எல்லைக்குள் இருந்தால் எஞ்சின் ஓடும். கோட்டைத் தாண்டப் போனால் நின்றுவிடும். தெரியாமல் எல்லை தாண்டி, பிடிபட்டு, படகும் போய் ஆளும் ஜெயிலில் கிடந்த காலத்துக்கு அது நல்ல மருந்தாகத்தான் இருந்தது.

"சிக்னலே இல்லேன்னா எஞ்சின ஓட விடவேண்டியதுதான தம்பி? எதுக்கு நிறுத்துது?" என்று முதல் நாளே கித்தேரி அவனைக் கேட்டாள்.

"சிக்னல் வரலேன்னா, டிரைவர் வேணும்னே பொட்டிய மூடி மறைக்கறாருன்னு அது நெனச்சுக்குமுங்க. அப்படித்தான் எழுதியிருக்கு."

"எல்லாவனும் களவாணின்னு நெனச்சு எழுதியிருக்கிய."

"ஆமாங்க்கா," என்றான் நல்லசிவம். அவன் பொய் சொல்லத் தெரியாத ஆள். அதனால்தான் அடி வாங்காமல் தப்பித்தான்.

கித்தேரிக்கு அதற்கு மேல் அவனைத் திட்ட வாய் வரவில்லை. காரணம் இருந்தது. அவள் புருஷன் லிகோரி ஆறு வருஷத்துக்கு முன் எல்லை தாண்டிப் பிடிபட்டு எட்டு மாதம் அந்தப் பக்கத்து ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவன். அந்த எட்டு மாதமும் அவனுடைய வெல்டிங் பட்டறையைத் தானே எடுத்து நடத்தி, தீப்பொறிக்கு முகத்தைக் காட்டிப் பிழைத்தவள் அவள். பூட்டு என்று ஒன்று வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும், பதினோரு ஊர் பெண்களிடம் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்ததும் அவளேதான். ஆண்கள் முணுமுணுத்தார்கள். பெண்கள் ஜெயித்தார்கள். மாலை போட்டு, பாயசம் வைத்துப் பூட்டு மாட்டினார்கள். இப்போது அந்தப் பூட்டே எமனாக நிற்கிறது. யாரும் அவளை நேருக்கு நேர் குற்றம் சொல்லவில்லை. அவள் குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். அதைவிட நாலு அறை அறைந்திருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

கரைக்கு அருகே நின்ற படகுகள் துடுப்பும் பாயுமாக நாய் படாத பாடு பட்டுத் திரும்பிவிட்டன. திரும்பாதது 'அலங்கார மாதா' ஒன்றுதான். அதில் ஒன்பது பேர். டிரைவர் லிகோரி. அவர்கள் போனது தென்மேற்கே, கன்னியாகுமரிக்கு அப்பால் மீன் மேயும் கடல்மேட்டுக்கு. சூரியன் பொங்கிய அன்று பக்கத்தில் நின்று, பிறகு பாய் விரித்துக் கரை சேர்ந்த வேற்றூர்ப் படகிடம், "நங்கூரம் போட்டாச்சி, இங்கனதான் கெடப்போம்" என்று லிகோரி வயர்லெஸ்ஸில் சொன்னதுதான் கடைசிப் பேச்சு. குடிதண்ணீர் பன்னிரண்டு நாளுக்கு இருக்கும். இன்று ஒன்பதாம் நாள்.

ஒவ்வொரு பூட்டுக்கும் பதினாறு எண் கொண்ட திறப்பு நம்பர் ஒன்று உண்டு. தென்கடற்கரைப் படகுகள் எல்லாவற்றின் நம்பரும் நல்லசிவத்தின் பையிலிருந்த தடித்த நோட்டில் இருந்தது. கரையில் நின்ற மூன்று படகுகளை அவனே திறந்துவிட்டான். அவை நான்கு நாள் தேடின. கடல்மேடு என்றால் ஒரு ஜில்லா அளவு. அதில் ஆடிக்காற்று வேறு. ஆளைக் காணவில்லை, ஊரின் டீசல்தான் முக்கால்வாசி தீர்ந்தது.

"நாம அங்க போக வேண்டாமுங்க்கா. நம்பர் போனாப் போதும்," என்றான் நல்லசிவம், அவள் பட்டறை வாசலில் நின்று. "அவங்க போட்ல வயர்லெஸ் இருக்குதுங்களா?"

"இருக்கு. பத்து மைலு கேக்கும். மிஞ்சினா பன்னெண்டு."

"அது அவங்க கொரல் சின்னது. நம்ம காது பெருசா இருந்தா எட்டும். குண்டு பல்பு நாலாபக்கமும் வெளிச்சம் குடுக்குது, தெருமுக்கு தாண்டாது. டார்ச் ஒரே பக்கந்தான் அடிக்குது, ஆனா தூரம் போகுதில்லீங்க? அந்த மாதிரி ஒரு ஆன்டனா. பெருசா. அதுக்கு அலுமினியக் குழாய் வேணும், உங்க கை வேணும்."

தன் கையால் வந்த வினையைத் தன் கையாலேயே அவிழ்க்க ஒரு வழி இருக்கிறது என்று ஒன்பது நாளில் முதல் தடவையாக ஒருவன் சொல்கிறான். கித்தேரி உள்ளே போய் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, அளவு டேப்போடு வெளியே வந்தாள்.

மாதா கோயில் திருவிழா வளைவுக்கு வாங்கி வைத்திருந்த அலுமினியக் குழாய்களைப் பங்குச் சாமியார் யாரும் கேட்கும் முன்பே எடுத்து வெளியே போட்டார். நாற்பதடி நீளத்தில் ஒரு நடுக்குழாய். அதில் குறுக்காக ஏழு குழாய்கள். ஒரு கோடியில் இருப்பதுதான் ஆக நீளம், பதினெட்டரை அடி. அடுத்தடுத்து நாலு விரல், மூன்று விரல் என்று குறைந்துகொண்டே போய் மறுகோடியில் இருப்பது ஆகக் குட்டை. இரண்டாவது குழாயை மட்டும் நடுவில் வெட்டி, நடுக்குழாயைத் தொடாதபடி கட்டையில் ஏற்றி, அதில் வயர்லெஸ் கேபிளை இணைக்க வேண்டும். மின்சாரம் தாவாத கட்டைக்கு எங்கே போவது என்று நல்லசிவம் விழித்தபோது, கித்தேரி பழைய ஐஸ் பெட்டியின் பிளாஸ்டிக் மூடியை அறுத்து, துளை போட்டுக் கொடுத்தாள். அலுமினியத்தில் அவள் வெல்டிங் பிடிக்காது. எல்லாவற்றையும் கிளாம்பு போட்டு முறுக்கினாள்.

"நாலு மில்லி ஜாஸ்தி இருக்குதுங்க்கா," என்பான் அவன், தரையில் படுத்து அளந்துகொண்டு.

"ஒரு நூலுன்னு சொல்லு. அதுக்கு ஏன் உசிரு போற மாதிரி கத்துத?"

"உசுருதானுங்க போகும். இதுல ஒரு நூல் தப்பினா கேக்கறது கேக்காமப் போயிரும்."

அவள் அந்த ஒரு நூலை ராவி எடுத்தாள். ஒன்றரை நாள் இப்படியே போனது. மணலில் முழுசாகக் கிடந்தபோது ஊர் அதைச் சுற்றி நின்று பார்த்துவிட்டு, மீன்முள் என்று பெயர் வைத்தது. ஒரு திமிங்கிலத்தைத் தின்று முடித்து முள்ளைப் போட்டுவிட்டுப் போனது போலத்தான் இருந்தது.

ஐஸ் ஃபாக்டரியின் தண்ணீர்த்தொட்டிக் கோபுரம் அறுபதடி. பதினோராம் நாள் காலையில், படகை இழுக்கும் வின்ச்சைக் கோபுரத்தடியில் ஊன்றி, முள்ளை மேலே ஏற்றினார்கள். ஆடிக்காற்று அதைப் பட்டம் மாதிரி பிடித்து இழுத்தது. நாலு பக்கமும் கயிறு பிடித்த பெண்களின் உள்ளங்கை பொத்துப்போனது. உச்சியில் கித்தேரியும் வின்ச்சுக்கார ராயப்பனும் இடுப்பில் கயிறோடு காத்திருந்தார்கள்.

கீழேயிருந்து நல்லசிவம் காந்த ஊசியைப் பார்த்துக் கையை நீட்டினான். "தல தென்மேற்குங்க்கா! தலைய மட்டும் இந்தப் பக்கம் வெச்சுப்போடுங்க, மத்ததெல்லாம் பரவால்லீங்க!"

"தல தெம்மேக்கு! கேட்டாச்சி!" என்று அவள் கத்தினாள். வைத்தாள். இரும்புத் தாங்கியைக் கோபுரத்தோடு சேர்த்து வெல்டிங்கும் அடித்துவிட்டாள். சுனாமி வந்தாலும் அசையாது என்று அவளுக்கே ஒரு பெருமை. வின்ச்சும் வெல்டிங்கும் குடித்தது போக, ஜெனரேட்டருக்கு ஒன்றரை மணி நேர டீசல் மிச்சம் இருந்தது.

ஐஸ் ஃபாக்டரி அறையில் வயர்லெஸ் பெட்டியின் முன் நல்லசிவம் உட்கார்ந்தான். வாசலில் ஒன்பது வீட்டு ஆட்களும் நின்றார்கள்.

"அலங்கார மாதா, அலங்கார மாதா. கூத்தன்துறையிலிருந்து பேசறோம். கேக்குதுங்களா?"

இரைச்சல். ஒரு நிமிஷம் விட்டு மறுபடியும். மறுபடியும். அரை மணி நேரம் போனது. யாரோ ஜெபமாலை சொல்லத் தொடங்கினார்கள். சாவு வீட்டிலும் முதலில் தொடங்குவது ஜெபமாலைதான் என்று கித்தேரிக்குத் தெரியும்.

திடீரென்று இரைச்சலைக் கிழித்துக்கொண்டு, பக்கத்து அறையில் நின்று பேசுவது போல் ஒரு குரல் வந்தது.

"ஓம், ஓம், கேக்குது. ஆர் கதைக்கிறது?"

வாசலில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இது லிகோரி இல்லை. இது இந்தக் கரைப் பேச்சே இல்லை.

"நீங்க யாருங்க?" என்றான் நல்லசிவம்.

"இது மன்னார்க் கரை. கடற்றொழிலாளர் சங்கத்து லெம்பேட் கதைக்கிறன்."

நல்லசிவம் எழுந்துவிட்டான். "மன்னார் வடகிழக்கல்லீங்க இருக்கு? நம்ம ஆன்டனா தென்மேற்கப் பாக்குது. இவ்வளவு சுத்தமா எப்பிடிக் கேக்கும்?" என்றபடி வாசலுக்கு ஓடி, நெற்றியில் கையை வைத்து மேலே பார்த்தான். பார்த்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா! தலைய எந்தப் பக்கம் வெச்சீங்க?"

"நீரு சொன்ன பக்கந்தான். அந்தா, தெம்மேக்க பாத்துட்டு இருக்குல்லா தலை."

"அது வாலுங்க்கா! குட்டைக் குழாய் இருக்கிற பக்கமுங்க தலை! அதுதான முன்னாடி பாக்கோணும்!"

"எந்த மீனுக்குவே குட்டமுள்ளு தலையில இருக்கு?" கித்தேரிக்குக் குரல் உயர்ந்தது. "தலைகிட்டதான் முள்ளு பெருசா இருக்கும். வாலுக்குப் போகப் போகத்தான் சிறுக்கும். சின்னப் பிள்ளைகிட்ட கேட்டாலும் சொல்லும்!"

"நான் மீனே தின்னதில்லீங்களே!" என்று கத்தினான் நல்லசிவம்.

வேறொரு நாளாக இருந்தால் ஊர் இதை வைத்து ஒரு வருஷம் சிரித்திருக்கும். அன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. திருப்பி வைக்க வேண்டுமென்றால் வெல்டிங்கை அறுக்க வேண்டும், முள்ளை இறக்க வேண்டும், ஏற்ற வேண்டும். வின்ச்சுக்கு டீசல் கிடையாது. தன் கையெழுத்து ஒன்பது பேரைக் கடலில் நிறுத்தியது, தன் வெல்டிங் அவர்களுக்குக் கடைசி வழியையும் அடைத்தது என்று கித்தேரி நினைத்தாள். கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹலோ, ஹலோ? நிக்கிறீங்களோ?" என்றது பெட்டி.

"அணைச்சுப்போடுங்க," என்றான் நல்லசிவம். "டீசலாவது மிஞ்சட்டும்."

"ஒரு மனுசன் கூப்பிடுதான். பதில் சொல்லாம அணைக்கவா?" என்றாள் கித்தேரி. கடலில் எதிரே ஒரு படகு வந்தால் பகையாளியாக இருந்தாலும் தண்ணி எப்படி ஓடுது என்று கேட்காமல் கடக்கக் கூடாது. அது அந்தக் கரையின் வழக்கம். அவள் போய் ஒலிவாங்கியை எடுத்தாள். வேறு என்ன பேசுவது என்று தெரியாமல் அதைத்தான் கேட்டாள். "அண்ணாச்சி, நான் கூத்தன்துறை கித்தேரி. ஒங்க பக்கம் தண்ணி எப்படி ஓடுது?"

"தண்ணியோ? அதையேன் கேக்கிறியள் தங்கச்சி. உங்கட பக்கத்தில இருந்து இஞ்ச வந்து அடிக்குது. கட்டை, மிதவை, போட் எல்லாம் ஒதுங்குது. நாலு நாளா நாங்கள் உங்கட கரையைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறம். ஒருத்தரும் பதில் இல்லை."

"போட்டா?" அவள் ஒலிவாங்கியை வாயோடு சேர்த்துப் பிடித்தாள். "என்ன போட்டு?"

"உங்கட ஆக்களின்ர போட்தான். எஞ்சின் ஸ்டார்ட் வராமல் மிதந்து வந்தவை. எங்கட போட்டுகளுக்குப் பூட்டு ஒண்டும் இல்லைத்தானே, போய்க் கட்டி இழுத்துக்கொண்டு வந்தனாங்கள். பொறுங்கோ, பேர் எழுதி வச்சிருக்கிறன். பனிமய அன்னை. கடல்ராசா. பிறகு, அலங்கார மாதா..."

அந்த அறையில் எழுந்த சத்தத்தில் அடுத்த பெயர் கேட்கவில்லை. ஒருத்தி இன்னொருத்தியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். ஜெபமாலை நின்றுபோய் அழுகையும் சிரிப்புமாக என்னவோ கிளம்பியது. "ஒம்பது பேருமா? ஒம்பது பேருமா அண்ணாச்சி?" என்று கித்தேரி அதையே நாலு தடவை கேட்டாள்.

"ஓம், ஒம்பது பேரும் சுகம். இஞ்ச கோயில் மடத்திலதான் நிக்கினம். டிரைவர் பக்கத்திலதான் நிக்கிறார், இந்தாங்கோ."

கொஞ்சம் கரகரப்பு. பிறகு, "ஏளா," என்றது லிகோரியின் குரல். "நங்கூரக் கயிறு ரெண்டாம் நாளே அறுந்துட்டு. சோறெல்லாம் நல்லாப் போடுதாவ. மீன் கொழம்புலதான் எக்கச்சக்கமா தேங்காப்பாலு ஊத்திருதாவ."

கித்தேரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கோபமாகவும் வந்தது. பதினோரு நாள் செத்துப் பிழைத்தவளிடம் குழம்புக் குறை சொல்கிறான். இப்படி ஒரு சந்தோஷம் மனுஷருக்கு உண்டா என்று இருந்தது அவளுக்கு.

"பூட்ட மாட்டச் சொன்னது நாந்தான்," என்றாள்.

"சொன்ன. மாட்டினேன். அந்த எட்டு மாசம் ஒனக்கு எப்படி இருந்துச்சின்னு எனக்குத் தெரியாதாக்கும்? அது கெடக்கட்டும். நாங்க கெளம்பயில வந்த அந்தக் கோயம்புத்தூரான்கிட்ட நம்பர் இருக்கா?"

நல்லசிவம் நோட்டைத் திறந்தான். திறந்தவன் தயங்கினான். "எல்லைக்கு அந்தப்பக்கம் நிக்கிற போட்டுக்கு நம்பர் குடுக்கவே கூடாதுங்க்கா. அதுக்குத்தான இந்தப் பூட்டே. குடுத்தேன்னு தெரிஞ்சா வேலையும் போகும், கேசும் வரும்."

யாரும் அவனை வற்புறுத்தவில்லை. கையெழுத்தின் பாரம் எப்படியிருக்கும் என்று கித்தேரிக்குத் தெரியும். அதை இன்னொருவன் தலையில் ஏற்ற அவளுக்கு மனசில்லை. அவன் வாசலில் நின்ற முகங்களைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

"எழுதிக்கோங்க," என்றான். "ரெண்டு, ஏழு, சைபர், சைபர், நாலு..."

"சைபர் எண்டால் பூச்சியந்தானே? பிழைச்சால் எத்தினை தரம் அடிக்கலாம்?" என்றார் லெம்பேட்.

"மூணு தடவைங்க."

ஒரு தடவையே போதுமாக இருந்தது. யாரோ கரைக்கு ஓடிப்போய் அடித்துவிட்டு ஓடிவந்து, எஞ்சின் ஓடுகிறது என்று அங்கே கத்தியது இங்கே கேட்டது.

"தம்பி, இஞ்ச இன்னும் பதின்மூண்டு போட் நிக்குது," என்றார் லெம்பேட். "எல்லாம் உங்கட பக்கத்து வேற வேற ஊர். அதுகளுக்கும் நம்பர் கிடக்கோ?"

நல்லசிவம் இந்தத் தடவை தயங்கவில்லை. ஒருமுறை நனைந்த பிறகு முக்காடு எதற்கு? நோட்டின் பக்கத்தைப் புரட்டினான். அவன் எண்களைப் படித்தான். அங்கிருந்து லெம்பேட் ஒவ்வொரு படகின் ஆட்கள் பெயரையும் ஊரையும் படித்தார். கித்தேரி கரிக்கட்டியால் ஐஸ் ஃபாக்டரிச் சுவரில் எழுதிக்கொண்டே போனாள். பதின்மூன்று படகு, தொண்ணூற்றாறு பேர். அவள் கையெழுத்து வாங்கிய ஊர்கள்தான் முக்காலும். எண்பத்தெட்டாவது பெயரில் அவள் கை நின்றது.

"திரும்பச் சொல்லுங்க அண்ணாச்சி."

"தொம்மை மிக்கேல். ஊர் ஆலந்துறை. கால்ல சின்னக் காயம், வேறொண்டும் இல்லை."

ராயப்பன் சிலுவை போட்டுக்கொண்டார். ஆலந்துறையில் ஒரு படகின் ஐஸ் பெட்டி மூடி கரை ஒதுங்கியதும், அதில் போன ஒரே உள்ளூர்க்காரன் தொம்மை மிக்கேல் போய்விட்டான் என்று முடிவுகட்டி, வெறும் சவப்பெட்டிக்குப் பூசை வைத்து, கல்லறைத் தோட்டத்தில் சிலுவையும் நட்டு மூன்று நாள் ஆகிறது. கூத்தன்துறையிலிருந்து பாதிப்பேர் அதற்குப் போய் வந்தார்கள். கித்தேரி மட்டும் போகவில்லை. தான் கையெழுத்து வாங்கிய அவன் பெண்சாதியின் முகத்தில் எப்படி விழிப்பது என்று பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டாள்.

கடைசி எண்ணைப் படித்து முடித்துக் கால் மணி நேரத்தில் ஜெனரேட்டர் விக்கி விக்கி நின்றது. நல்லசிவம் நெற்றியைத் துடைத்தான். "முள்ளைத் திருப்பி வெக்கிறதுங்களா?" என்றான்.

"தொடாத," என்றாள் கித்தேரி.

போன் இல்லாத காலம். செய்தி காலால்தான் போக வேண்டும். சுவரைப் பார்த்துத் துண்டுத் துண்டுக் காகிதத்தில் பெயர்களை எழுதி, ஊருக்கு இரண்டு பேராக சைக்கிளில் கிளம்பினார்கள். ஆலந்துறைக் காகிதத்தை யாரும் கேட்கும் முன்பே கித்தேரி எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நாலு மைல். எதிர்க்காற்று. வழியெல்லாம் என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே மிதித்தாள். என்னை மன்னிச்சிரு என்று தொடங்கினாள், மாற்றினாள். ஒங்க ஆளு உசிரோட இருக்காவ என்று தொடங்கினாள், அப்படிச் சட்டென்று சொன்னால் தாங்குவாளா என்று மாற்றினாள்.

வீட்டு முன் போட்ட பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. கதவைத் தட்டினாள். தொம்மை மிக்கேலின் பெண்சாதி வந்து திறந்தாள். மூன்று நாளில் பத்து வயது கூடியிருந்தது. கித்தேரியை அடையாளம் தெரிந்ததும் அவள் உதடு இறுகியது. உடம்பில் புது வெள்ளைச் சேலை, கடை மடிப்புக்கூடக் கலையவில்லை.

ஒத்திகை பார்த்தது எல்லாம் கித்தேரிக்கு மறந்துபோனது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இடுப்பிலிருந்த காகிதத்தைத் தேடி எடுப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"எம்மா, மொதல்ல அந்தச் சேலைய அவுத்துப் போட்டுட்டு வேற கட்டு. பெறவு சொல்லுதேன்."